தண்ணி எலி, மருந்து எலி

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் மூன்று வருஷம், காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை, அந்தப் பெயரைத்தான் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. நான் எழுதுகிற இடத்திலாவது அது வராமல் இருக்கட்டும்.

எழுபதுகளின் கடைசி அது. தில்லியில், எங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு மஞ்சள் கட்டடம். அங்கே மூலிகைச் சாறுகளை எலிகளுக்குக் கொடுத்து, வலி குறைகிறதா, வீக்கம் வடிகிறதா, காய்ச்சல் இறங்குகிறதா என்று பார்ப்போம். நொச்சி, முடக்கத்தான், சீந்தில், வேப்பம்பட்டை என்று நாட்டு வைத்தியர்கள் பெயர் சொன்ன எல்லாமே எங்களிடம் வரும். எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்கவைத்து, அந்தப் பாதத்தைப் பாதரசக் குழாயில் அமுக்கி, பாதரசம் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று அளப்போம். ரொட்டி மாவில் போடுகிற ஈஸ்ட்டைத் தோலுக்கடியில் செலுத்தினால் மறுநாள் காலையில் எலிக்குக் காய்ச்சல் வந்துவிடும். வலிக்கு ஹாட் பிளேட். சூடான தகட்டின் மேல் எலியை விட்டு ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். அது காலை நக்குவதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து உடனே தூக்கிவிட வேண்டும். வலி தெரியாத எலி அதிக நேரம் நிற்கும், அவ்வளவுதான் சங்கதி. மார்க்கெட்டில் என்னோடு காய்கறி வாங்கும் தமிழ் மாமிகள், "எலிக்குக் காய்ச்சல் வந்தா உனக்கென்னடி வந்தது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

நான் எம்.எஸ்ஸி., முதல் வகுப்பு. அவள் வெறும் பி.எஸ்ஸி., விருதுநகர்ப் பக்கம். நான் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, லக்ஷ்மிபாய் நகரில் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு தற்காலிக வேலைக்கு வந்தாள். நானும் தற்காலிகம்தான். வந்த முதல் நாளே, "நீங்க தமிழாக்கா? அப்பாடா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கெல்லாம் நான் மேடம், இவளுக்கு மட்டும் அக்கா. பின்னால் ஒரு நாள் அவளுடைய ஃபைல் தவறிப்போய் என் மேஜைக்கு வந்தபோது பிறந்த தேதியைப் பார்த்தேன். என்னைவிட நாலு மாசம் பெரியவள்! கேட்டுவிடலாம் என்று நாக்கு துடித்தது. கேட்டால் ஃபைலைப் புரட்டிப் பார்த்தது தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

எல்லோரும் புகழ்ந்தது அவளுடைய கையைத்தான். பெரிய அழகான கை ஒன்றுமில்லை. குட்டை விரல், ஒட்ட வெட்டிய நகம், கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு. எலிக்கூண்டைத் திறந்து அந்தக் கையை உள்ளே வைப்பாள். வைத்துவிட்டு ஒன்றும் செய்ய மாட்டாள், சும்மா இருப்பாள். மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் எலிகள் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து விரலை மோந்து பார்க்கும். ஒன்று உள்ளங்கையில் ஏறி உட்காரும். அதற்குப் பிறகுதான் தூக்குவாள். அடையாளத்துக்காகத் தலையிலோ வாலிலோ மஞ்சள் அமிலத்தைத் தடவும்போதும் அது கத்தாது. வளைந்த ஊசியைத் தொண்டைக்குள் விட்டு மருந்தை இறக்கும்போதுகூடக் கத்தாது. "ஆச்சுடா ராசா, அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான்" என்று அதோடு பேசிக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். வாசனை சோப்பு எலிக்கு ஆகாது என்று கடலைமாவில்தான் கை கழுவுவாள். எலி அறையில் வேலை இருக்கும் நாளில் பவுடர் கிடையாது, பூ கிடையாது.

என் கை வேறு ஜாதி. எலியைத் தூக்குவது என்பது எனக்கு ஒரு சண்டை. அது தப்பிக்கப் பார்க்கும், நான் கழுத்தோடு சேர்த்து ஒரே அமுக்காக அமுக்குவேன், அது கீச்சென்று கத்தும், மூத்திரம் பெய்யும், முடிந்தால் கடிக்கும். பத்து விரலில் ஆறிலாவது எப்போதும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். ஆனால் வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அவள் ஒரு கூண்டை முடிப்பதற்குள் நான் மூன்றை முடித்திருப்பேன்.

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் எங்கள் கூடத்தைப் பார்க்க வந்தார். எங்கள் தலைவரை நாங்கள் டாக்டர் சாப் என்று கூப்பிடுவோம். பஞ்சாபி, ஆள் ஆஜானுபாகு, ஜூன் மாசத்திலும் கோட்டைக் கழற்ற மாட்டார். அவர் என்னைத்தான் முதலில் செய்துகாட்டச் சொன்னார். சீனியர் அல்லவா! நான் கூண்டில் கையை விட்டேன், எலி என் சுண்டுவிரலைக் கவ்வியது, நான் கையை உதறியதில் அது போய் விருந்தாளியின் பளபளக்கும் பூட்ஸ் மேல் விழுந்தது. "அய்யோ!" என்று நான் கத்தியது தமிழில். டாக்டர் சாப் முகம் சிவந்து, அவளைக் கூப்பிட்டார். அவள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். அந்தத் துரோகி எலி மேஜைக்கடியிலிருந்து தானாக வந்து ஏறிக்கொண்டது. விருந்தாளி கைதட்டினார். டாக்டர் சாப், "ஹாத் ஹோ தோ ஐஸா!" என்றார். கை என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். நான் சுண்டுவிரலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். ரத்தத்தைவிட அந்தக் கைதட்டல்தான் எரிந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அவளைப் போலச் செய்துபார்த்தேன். ஒரு மத்தியானம் எல்லோரும் கேன்டீனுக்குச் சமோசா தின்னப் போயிருந்தபோது, கடலைமாவில் கை கழுவிவிட்டுக் கூண்டுக்குள் கையை வைத்தேன். சும்மா இருக்க வேண்டும் என்று மனசுக்குள் நூறு வரை எண்ணினேன். எழுபதில் ஒரு எலி வந்தது. மோந்து பார்த்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! வா, வா, ஏறு என்று விரலை லேசாக அசைத்தேன். நறுக்கென்று கடித்துவிட்டு ஓடிப்போனது. என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

இந்தியும் அவளுக்குச் சரியாக வராது. ஆண் எலியைக் காட்டி, "சூஹா ஸோ கயி சார்" என்பாள், எலி தூங்கிவிட்டாள் என்று பெண்பாலில். நான் இலக்கணம் பிசகாமல் பேசுவேன், ஒருத்தரும் அதைக் கவனித்தது கிடையாது. இவள் தப்பாகச் சொன்னதோ அந்த மாடி முழுக்கப் பரவிவிட்டது. மீட்டிங்கில் யாராவது கண்ணயர்ந்தால் டாக்டர் சாப்பே, "சூஹா ஸோ கயி" என்று சொல்லிச் சிரிப்பார். தப்பாகப் பேசியும் பேர் வாங்குகிறாளே என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். புதிதாக வரும் சாறு ஒவ்வொன்றையும் நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் அவளுக்கு உண்டு. "த்தூ, என்னா கசப்புக்கா! எலி நம்மள வையும்" என்று முகத்தைச் சுளிப்பாள். எலிக்குக் கொடுப்பதை முதலில் நாம் குடிக்க வேண்டாமா என்று ஒரு நியாயம் வேறு வைத்திருந்தாள். நான் ஒரு தடவையும் தொட்டுப் பார்த்ததில்லை.

ஆபீஸோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு செப்டம்பரில் என் பெண்ணுக்கு நல்ல காய்ச்சல், நான் லீவு. அவளுக்கு அப்போது நாலு வயசு. நெற்றியில் ஈரத்துணி போடவிடாமல் கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுகிறாள். நான் ஒரு கையால் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியை வைக்கப் போராடிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து இவள் ஏதோ ஒரு பதிவு நோட்டில் என் கையெழுத்து வேண்டும் என்று வந்து நின்றாள். நோட்டை வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கையை மெத்தை மேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் என் பெண் அழுகையை நிறுத்தி, அந்தக் கையை எடுத்துத் தானே தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். துணியும் ஏறியது, மருந்தும் இறங்கியது.

"பாவம், நல்ல பொண்ணு" என்றார் என் வீட்டுக்காரர்.

என் பெண் அதற்கு மேல். தில்லியில் பிறந்த பிள்ளையாயிற்றே, "அம்மா, நீ ஜோர்ஸே புடிக்கறே. ஆன்ட்டி மெதுவா புடிக்கறாங்க" என்றாள்.

நான் பெற்ற பிள்ளை! வந்தவள் போனதும் அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் போட்டேன். அடுத்த நாள் ஆபீஸில் அவள், "பாப்பாவுக்கு எப்படி இருக்குக்கா?" என்று கேட்டபோது, "எங்க பாப்பாவுக்கு நாங்க இருக்கோம்" என்று சொன்னேன். அவள் முகம் ஒரு நிமிஷம் சுண்டிப்போனது. அப்புறம் வழக்கம்போல எலிகளிடம் போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலைக்கு மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. தற்காலிகமாக இருந்தது நாங்கள் இரண்டு பேர். அவளுடைய அண்ணனுக்கு நாக்பூருக்கு மாற்றல் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸை மார்ச்சில் காலிசெய்ய வேண்டும். "இந்த வேலை கெடச்சா ஆர்.கே.புரத்துல ஒரு ரூம எடுத்து இருந்துக்கிருவேன்க்கா. கெடைக்கலைனா ஊருதான். அங்க ஒரு மண்டிக்காரருக்குப் பேசி வச்சிருக்காக. மொதச் சம்சாரம் செத்துப்போச்சாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்தால் எது வேடிக்கை, எது துக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. எனக்கு வேலை போனால் குடி மூழ்கிவிடாது. வீட்டுக்காரருக்கு அமைச்சகத்தில் நல்ல உத்தியோகம். இருந்தாலும் அஞ்சு வருஷம் விரலைக் கடிக்கக் கொடுத்தவள் நான். அந்த வேலை எனக்குத்தான் வர வேண்டும் என்று தினம் காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வேண்டிக்கொள்வேன்.

என் கையில் ஒரு துருப்பும் இருந்தது. நாற்பத்தொன்றாம் எண் சாறு. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த சேலத்துக்காரம்மா முழங்கால் வலிக்கு ஒரு சாம்பல் நிறத் தழையை அரைத்துப் பற்றுப் போட்டிருந்தாள். மலை மந்திர் பக்கத்துப் பாறைச் சரிவில் பறித்ததாகச் சொன்னாள். நானே போய்ப் பறித்துவந்து, காயவைத்து, சாறு இறக்கி, எண் போட்டேன். செடியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது காய்ச்சிக் குடித்துவிடுவீர்கள்.

எந்தச் சாற்றைச் சோதித்தாலும் பாதி எலிகளுக்கு மருந்து, மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர். இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்தின் குணம். எங்கள் பேச்சில் அவை மருந்து எலி, தண்ணி எலி. நாற்பத்தொன்றைத் தொடங்கின அன்று அவள், "நானே ரெண்டையும் செஞ்சு தாரேன்க்கா, நீங்க குறிச்சுக்கிருங்க" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. என் செடியிலும் இவள் கைபட்டு, இதற்கும் இவள் கையைத்தானே புகழ்வார்கள்!

"வேண்டாம். மருந்து எலி என்னோடது. நீ தண்ணி எலியப் பாத்துக்க" என்றேன்.

"ஆளுக்கு ஒண்ணாவா?" என்று ஏதோ சொல்ல வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்று தண்ணி எலிக் கூண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முடிவுகள் வந்தன பாருங்கள்! அவளுடைய தண்ணி எலிகள் தகட்டின் மேல் விட்ட ஐந்தாறு வினாடியில் காலை நக்கின. என் மருந்து எலிகள் பத்து வினாடிக்கு மேல் சிலை மாதிரி நின்றன. காய்ச்சலிலும் அப்படித்தான். மருந்து கொடுத்ததும் எடுத்த முதல் அளவுக்கும் மூன்றாவது அளவுக்கும் நடுவில், என் எலிகளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கியது. அவளுடையவை அப்படியே இருந்தன. டாக்டர் சாப் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஷாபாஷ் மேடம், ஷாபாஷ்!" என்று என் மேஜையைத் தட்டினார். மாநாட்டில் படிக்கலாம் என்றார். மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். அவள், "சூப்பர்க்கா!" என்று எனக்கு வேர்க்கடலை உருண்டை வாங்கித் தந்தாள். வாங்கித் தின்றேன். அப்போதும் அவள் நிஜமாகவே சந்தோஷப்படுகிறாளா என்று கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டேதான் தின்றேன்.

பிப்ரவரியில் மைத்துனர் கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினேன். அவள் கேட் பக்கத்திலேயே ஒரு தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"டாக்டர் சாப் இன்னும் கொஞ்சம் எலியில நாப்பத்தொண்ணச் செஞ்சுபாக்கச் சொன்னாருக்கா. ரெண்டு கூட்டத்தையும் நானே செஞ்சேன்."

"சரி?"

"ஒண்ணும் வரலக்கா. மருந்து எலியும் தண்ணி எலியும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. காய்ச்சலும் எறங்கல. அவருகிட்ட இன்னும் காட்டல. அக்கா வரட்டும், சேந்து பாத்துச் சொல்லுதோம்னு சொல்லிருக்கேன்."

நடு வழியில், ஃபைல் தூக்கிக்கொண்டு போகிற ஆட்களுக்கு நடுவில் நின்று கத்தினேன். "பாட்டிலை மாத்திட்டியா? வேணும்னே பண்ணிருக்க, இல்ல? வேலை எனக்குக் கெடைச்சுடும்னு தெரிஞ்சுதானே!"

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அதையும் பாத்தேன்க்கா" என்றாள் நிதானமாக. "பாட்டிலு, லேபிலு, தகட்டோட சூடு, தெர்மாமீட்டரு, எல்லாத்தையும் ரெண்டு தரம் பாத்துட்டேன். எல்லாம் முன்ன மாதிரியேதான் இருக்கு. மாறுனது கை ஒண்ணுதான்."

எலி அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் மீதியைச் சொன்னாள். ரொம்பப் பயந்துபோன எலிக்கு வலி தெரியாதாம். உயிர்ப் பயத்தில் உடம்பு வலியை அமுக்கிவிடுமாம், தகட்டின் மேல் அப்படியே உறைந்து நிற்குமாம். பயத்தில் உடம்புச் சூடும் ஏறும். முதல் தடவை பிடிக்கும்போது போராடும், சூடு காய்ச்சலுக்கு மேல் ஏறியிருக்கும். மூன்றாவது தடவைக்குள் களைத்துப்போய்க் கிடக்கும், சூடு இறங்கிவிடும். மருந்தில் காய்ச்சல் இறங்கியதாக நாம் எழுதிக்கொள்வோம். "அதான் நான் நடுங்குறத எடுக்கறதில்லக்கா. கூண்ட மூடிட்டுப் போயிட்டு அப்பறம் வருவேன்" என்றாள்.

"அதாவது, நாற்பத்தொண்ணுல ஒண்ணும் இல்ல. எல்லாம் என் கையோட முரட்டுத்தனம். அதானே?"

"அப்படிச் சொல்லலக்கா. ஒரு தரம் மாத்திச் செஞ்சு பாப்பமா? நீங்க தண்ணி எலி, நான் மருந்து எலி."

சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் போன பிறகு மாற்றிச் செய்தோம். அவளைப் பொய்யாக்கிவிடும் வேகத்தில் நான் முதல் கூண்டைத் திறந்தேன். வழக்கம்போல ஒரே அமுக்கு. ஊசியைத் தொண்டையில் விட்டு வெறும் தண்ணீரை இறக்கினேன். நேரம் விட்டு எடுத்துத் தகட்டில் வைத்தேன். ஐந்து வினாடி, நிற்கிறது. எட்டு, நிற்கிறது. நக்கித் தொலையேன் சனியனே என்று மனசுக்குள் கெஞ்சினேன். பதினொன்றில்தான் நக்கியது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது பதினைந்து வரை அசையவே இல்லை. அதற்கு மேல் விட்டால் கால் வெந்துவிடும் என்று அவள்தான் தூக்கினாள். அவள் கைபட்ட மருந்து எலிகள் ஐந்தில், ஆறில் ஒழுங்காக நக்கிவிட்டு இறங்கின. நான் தொட்ட தண்ணீர் பெரிய வலி நிவாரணி ஆகியிருந்தது. பொறாமையில் நான் மருந்து எலி உனக்கில்லை என்று பிரிக்காமல், இரண்டையும் ஒரே கையில் விட்டிருந்தால், அது யார் கையாக இருந்தாலும் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவள் பக்கத்தில் வரவில்லை. எலிகளைக் கூண்டில் விட்டு, தகட்டைத் துடைத்து, ஹீட்டரை அணைத்துவிட்டு வந்து நோட்டை என் மடியில் வைத்தாள்.

"ஒங்க செடிக்கா. நீங்களே திங்கக்கிழமை சொல்லிருங்க."

திங்கட்கிழமை இரண்டு பேரும் டாக்டர் சாப் அறைக்குப் போனோம். நான்தான் பேசினேன். நாற்பத்தொன்று தேறாது என்றதும் அவர் முகம் கறுத்தது. ஆஸ்பத்திரிக்கு எழுதின கடிதத்தை எடுத்து மேஜையில் போட்டார். பிறகு பயந்த எலி, கை, மாற்றிச் செய்து பார்த்தது எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல, மெல்ல நாற்காலியை விட்டு எழுந்தார். மருந்து எலியையும் தண்ணி எலியையும் ஒரே கைதான் தொட வேண்டும் என்று அன்றைக்கே உத்தரவு போட வேண்டும் என்றார். இதுவரை செய்த சாறுகளில் எதெது இப்படிப் போனது என்று பார்க்க வேண்டும் என்றார். நல்ல வேளை, நோயாளிகளிடம் போவதற்குள் தெரிந்தது என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "யே பக்டா கிஸ்னே?" என்று கேட்டார். இதைக் கண்டுபிடித்தது யார்?

அவள் என் வலது பக்கத்தில் நின்றிருந்தாள். புடவை உரசுகிற தூரம்.

"மைனே, சார்" என்றேன், நான்தான் என்று.

யோசித்துச் சொன்னதில்லை. எனக்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருப்பி எடுத்திருக்கலாம், ஒரு நிமிஷம் இருந்தது. நான் எடுக்கவில்லை. டாக்டர் சாப் அவளைப் பார்த்து, "அச்சா? மேடம் நே?" என்றார்.

"ஜி சார். மேடம் நே" என்றாள். அன்றைக்குப் பார்த்து அவள் இந்தியில் ஒரு பிழையும் இல்லை.

வேலை எனக்குத்தான் வந்தது. தன் செடி தோற்றதைத் தானே கண்டுபிடித்துத் தானே வந்து சொன்ன நேர்மை என்று தேர்வுக் குழுவில் டாக்டர் சாப் என்னைப் பற்றிச் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகும் உத்தரவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மார்ச் கடைசியில் அவள் விலகினாள். பிரிவுபசாரத்தில் எல்லோரும் அழுதார்கள், கேன்டீன்காரர்கூட. நான் பூங்கொத்துக் கொடுத்தேன். அந்த ஒரு மாசமும் அவளோடு தனியாக இருக்கும் சமயம் எல்லாம் எழுந்து போய்விடுவேன். கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் தப்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன். லக்ஷ்மிபாய் நகர் பஸ்ஸுக்கு அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், தோளில் ஒரு பை, கையில் என் பூங்கொத்து. அவள் போய்ச் சேரப் போவது மண்டிக்காரர் வீட்டுக்கு என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். குரல் சண்டைக்காரி குரலாகத்தான் வந்தது. "நான் பொய் சொன்னேன்னு அங்கயே சொல்லிருக்கலாமே. உனக்கு வேலை கெடச்சிருக்குமே!"

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லத்தான் வாயெடுத்தேன்க்கா. திரும்பிப் பாத்தா, ஒங்க கை அந்த நடுங்கு நடுங்குது. அந்த நேரத்துல எப்படிக்கா புடிக்கறது?"

பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னல் பக்கம் வந்து, "பாப்பாவக் கேட்டேன்னு சொல்லுங்கக்கா" என்று கத்தினாள். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் நானும் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு வந்தது அழுகையும் இல்லை, மன்னிப்பும் இல்லை, பழைய வயிற்றெரிச்சல்தான். வேலையை எடுத்துக்கொண்டேன், பேரையும் எடுத்துக்கொண்டேன், அப்புறமும் என்னைவிட அவளிடம்தானே அதிகம் இருக்கிறது என்று பொருமிக்கொண்டு அந்த ஸ்டாப்பில் நின்றேன்.